ஆறாவது குழியில் ஒரு தோட்டா

எனக்கு முப்பத்தொரு வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் என் மாமியாரே சிரிப்பார். ஆனால் ஆறு வருடம் பார்த்த வேலையை விட்டு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது. திரும்பப் போகப் போவதும் இல்லை. இதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

திண்டுக்கல்லில் ஒரு துப்பாக்கிக் கடையில் வேலை பார்த்தேன். உரிமம் பெற்ற கடை. அங்கே விற்பனை என்பது மாதத்தில் ஒன்றிரண்டுதான். மற்ற நாட்களில் நடப்பதெல்லாம் பாதுகாத்து வைக்கிற வேலை. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் வெளியூர் போகும்போதும், லைசென்ஸைப் புதுப்பிக்கத் தாமதமாகும்போதும், தேர்தல் அறிவிப்பு வந்ததும், தங்கள் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். போலீஸ் ஸ்டேஷனிலும் ஒப்படைக்கலாம். அந்தப் படியேறத் தயங்குகிறவர்கள் எங்களிடம் வருவார்கள்.

என் இடத்தில் இப்போது இருக்கும் பெண்ணின் பெயர் பிரியா. இருபத்திரண்டு வயது. போன வாரம் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள்.

"அக்கா, பாப்பா நல்லாருக்கா? தேர்தல் டெபாசிட் ஆரம்பிச்சிருச்சுக்கா. எல்லாம் சமாளிச்சிருவேன். அந்தப் பழைய சிங்கிள் ஆக்சன் ரிவால்வர் வந்தா மட்டும் தொடவே யோசனையா இருக்கு. எப்படிப் பண்ணணும்னு லூர்து அக்காகிட்ட கேட்டா, 'நான் சொன்னத சொல்லிட்டேன், மிச்சத்த அவகிட்டயே கேளு'ங்கறாங்க. மிச்சம்னா என்னக்கா?"

மிச்சம் என்ன என்று எனக்குத் தெரியும். அதை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை. பாப்பா தூங்கும் மத்தியான நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த அளவு எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்துபோய் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

பி.காம். முடித்துவிட்டு, பதிவேடு எழுதவும் கம்ப்யூட்டரில் ஏற்றவும்தான் அந்தக் கடையில் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் எந்தத் துப்பாக்கியையும் தொடவில்லை. அடுத்த ஒரு வருடம் காலித் துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போட்டேன். அதன் பிறகுதான் லூர்து அக்கா என்னை உள்ளறை மேசைக்கு வரச் சொன்னார்.

லூர்து அக்கா கடையின் உரிமையாளர். கணவர் இறந்தபின் லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றி நடத்துகிறார். அப்போது நாற்பத்திரண்டு வயது. வாய் ஓயாமல் பேசுவார், எதிர்க்கடை டீ மாஸ்டரில் தொடங்கி கலெக்டர் ஆபீஸ் கிளார்க் வரை எல்லோரையும் கிண்டல் செய்வார். ஆனால் மேசைமேல் துப்பாக்கி வந்துவிட்டால் குரல் இறங்கிவிடும். ஆபத்து எவ்வளவு அதிகமோ குரல் அவ்வளவு தணியும். "பத்திரம்", "ஜாக்கிரதை" என்ற சொற்களை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"பத்திரம்னு சொன்னா கை நடுங்கும் புள்ள. என்ன செய்யணும்னு சொன்னா கை அதச் செய்யும்" என்பார்.

முதல் பாடம் எனக்கு ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியரால் கிடைத்தது. அவர் தன் துப்பாக்கியை நோட்டுப் புத்தகம் நீட்டுவதுபோல நீட்டினார். நானும் மாணவிபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவர் போகும்வரை அக்கா காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"நீ வாங்குனப்ப அது எங்க பாத்துச்சு?"

"கவனிக்கலக்கா."

"என் வயித்தப் பாத்துச்சு. காலைல தின்ன நாலு இட்லி இருக்கு அதுக்குள்ள."

அதன்பின் நான் யார் கையிலிருந்தும் துப்பாக்கியை வாங்கியதில்லை. கொண்டு வருபவர் மேசைமேல் வைக்க வேண்டும், தவறி வெடித்தால் குண்டைத் தாங்கச் சுவரோரம் வைத்திருக்கும் மணல்பெட்டியைக் குழல் பார்த்தபடி. பிறகுதான் நாங்கள் எடுப்போம். எடுக்கும் விரல்கள் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே நீட்டியபடி இருக்க வேண்டும். "காலிதாம்மா" என்று யார் சொன்னாலும் காலி இல்லை என்றே நினைக்க வேண்டும்.

பிரியா, நீ கேட்டதற்கு வருகிறேன்.

மற்ற ரிவால்வர்களில் ட்ரிகரை அழுத்தினாலே பின்னாலிருந்து தோட்டாவைத் தட்டும் ஹேமர் தானாக எழுந்து தானாக விழும். சிங்கிள் ஆக்சனில் அப்படி நடக்காது. ஹேமரை ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். இழுக்கும்போது, தோட்டாக் குழிகள் உள்ள உருளையான சிலிண்டர் ஒரு குழி திரும்பும். நிறுத்திய ஹேமரை விடுவிப்பது மட்டும்தான் ட்ரிகரின் வேலை. அதனால் அது மிகவும் லேசாக இருக்கும். மல்லிகை மொட்டு கிள்ளுகிற அழுத்தம் போதும்.

பழைய வகையில் இன்னொன்று உண்டு. ஹேமரின் மூக்கில் ஒரு முள் இருக்கும். ஹேமர் படுத்திருக்கும்போது அந்த முள், தனக்கு நேராக உள்ள தோட்டாவின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். கீழே விழுந்தாலோ ஹேமரின் மேல் எதுவும் இடித்தாலோ வெடித்துவிடலாம். ஆகவே ஆறு குழி இருந்தாலும் விவரம் தெரிந்தவர்கள் ஐந்துதான் போடுவார்கள். ஒன்று போட்டு, அடுத்ததை விட்டுவிட்டு, வரிசையாக நான்கு போட்டு, ஹேமரை முழுதாக இழுத்து மெல்லப் படுக்க வைத்தால், அது காலிக் குழியின் மேல் வந்து படுக்கும்.

தோட்டாக்களை எடுப்பதற்கு ஹேமரைப் பாதி வரைக்கும்தான் இழுக்க வேண்டும். இரண்டு சொடுக்குக் கேட்கும், அங்கே நிற்கும். அப்போது சிலிண்டர் கையால் சுற்றுகிற அளவு இளகும். வலப்புறம் உள்ள சின்னக் கதவைத் திறந்து, ஒவ்வொரு குழியாகக் கதவுக்கு நேரே கொண்டுவந்து, குழலுக்கு அடியிலிருக்கும் கம்பியைப் பின்னால் தள்ளினால் தோட்டா வெளியே விழும். ஆறு குழியையும் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு சுண்டுவிரலால் தொட்டும் பார்க்க வேண்டும். இரண்டு சுற்று. அதன்பின்தான் ஹேமரைப் படுக்க வைக்கலாம்.

இவ்வளவும் அக்கா உனக்குச் சொல்லியிருப்பார். இனி எழுதுவதுதான் மிச்சம்.

கல்யாணமாகி இரண்டாம் வருடம் எனக்கு ஒரு கரு தங்கி, மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. அப்போது நான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். கடையில் அக்கா எல்லோருக்கும் தேன்மிட்டாய் கொடுத்தார். பிறகு ஒவ்வொருவரிடமும் இல்லையென்று சொல்ல வேண்டியிருந்தது. டீ மாஸ்டர்கூட, "என்னம்மா, உடம்புக்கு ஆகலியாமே?" என்று கேட்டார். அடுத்த முறை தங்கியபோது வளைகாப்பு வரும்வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன். வீட்டில் கணவர், மாமியார் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். சுடிதாரைப் பெரிய அளவாகத் தைத்துப் போட்டுக்கொண்டேன்.

பயம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. சொன்னால் அக்கா என்னை மேசையிலிருந்து எழுப்பி முன்னறைக்கு அனுப்பிவிடுவார். அந்த மேசை எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் கேஸ் அடைத்தோமா என்று நாலு தடவை பார்க்கிறவள் நான். மேசையில் மட்டும் எனக்குச் சந்தேகமே வராது. ஒவ்வொன்றுக்கும் வரிசை உண்டு, வரிசைப்படி செய்தால் முடிந்தது. அந்த நிம்மதியை விட மனமில்லை. அது சரியா தவறா என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாம் மாதம் தொடங்கியிருந்தது. ஆயுத பூஜை முடிந்து பத்து நாள். தேர்தல் அறிவிப்பு வந்து ஒப்படைப்பவர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பெயர் வேலுச்சாமி, பூத்தோட்டம் வைத்திருக்கிறவர். இரண்டு கையும் நில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தன. கூட அவருடைய மருமகள் கோமதி, என் வயதுதான் இருக்கும். அவளுடைய மூன்று வயது மகள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் வந்திருந்தார்கள். கோமதியின் தோளில் ஒரு துணிப்பை.

பெரியவரின் அப்பா காலத்தில் மலை மேல் ஓர் எஸ்டேட் துரையிடம் வாங்கிய ரிவால்வர் அது. சிங்கிள் ஆக்சன், பழைய வகை.

"மேசை மேல வைங்க. குழல் அந்த மணல் பக்கம் இருக்கட்டும்" என்றேன்.

கோமதி பையோடு வைத்துத் துணியை விலக்கினாள். ரிவால்வர் முழுக்கச் சந்தனம். குழலில் மூன்று பொட்டு, சிலிண்டரில் ஒன்று, ஹேமருக்கு மேலே பெரிதாக ஒன்று. அதன் நடுவில் குங்குமம்.

லூர்து அக்கா எட்டிப் பார்த்தார். "என்னங்கம்மா இது, கல்யாண மாப்ள கணக்கா இருக்கு?"

"ஆயுத பூசைக்கு வெச்சதுங்க. துடைக்க மனசு வரலீங்க" என்றாள் கோமதி.

"தோட்டா உள்ள இருக்குங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"அஞ்சு இருக்குதுங்க அம்மணி. இந்தக் கையோட நம்மாள எடுக்க முடியலீங்க. அஞ்சுதானுங்க. ஹேமருக்கு நேரா காலி. அம்பது வருசமா அப்படித்தானுங்க."

அந்த வயதில் அவ்வளவு விவரமாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததால் கொஞ்சம் நம்பியும்விட்டேன். எங்கள் தொழிலில் அது கூடாது.

தோட்டா உள்ள துப்பாக்கி மேசையில் இருந்தால் அக்கா ஒரு கேள்வி கேட்பார். அதற்குச் சத்தமாகப் பதில் சொன்ன பிறகுதான் கை வைக்க வேண்டும்.

"ரூம்ல எத்தன பேரு?"

"அஞ்சு பேருக்கா."

அக்கா மூன்று பேரையும் முன்னறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இப்ப?"

வயிற்றுக்குள் அப்போதுதான் அசைவு தெரியத் தொடங்கியிருந்தது. மீன் வாலாட்டுவதுபோல. அந்த நேரத்தில் அசைந்ததா, நான் பிறகு சேர்த்துக்கொண்டேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் பதில் சொல்வதற்கு முன் ஒரு நொடி நின்றேன் என்பது உறுதி.

"ரெண்டு" என்றேன்.

ரிவால்வரை எடுத்தேன். குழல் மணலைப் பார்த்தபடி இருந்தது. கட்டைவிரலை ஹேமரில் வைத்துப் பின்னுக்கு இழுத்தேன். வரவில்லை. சந்தனம் ஹேமர் நுழையும் பள்ளத்தில் இறங்கி, பழைய எண்ணெயோடு சேர்ந்து சிமெண்டுபோல இறுகியிருந்தது. சற்று அழுத்தி இழுத்தேன். அப்போதும் வரவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். மேசையில் வைத்து, மண்ணெண்ணெய் நாலு சொட்டு விட்டு, ஊறவிட்டிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

சட்டென்று விட்டுக்கொடுத்தது. பாதியில் நிற்க வேண்டிய ஹேமர் நிற்காமல், மூன்று நான்கு சொடுக்குச் சேர்ந்தாற்போலக் கேட்டு, முழுதாகப் பின்னால் போய் நின்றது. சிலிண்டர் ஒரு குழி திரும்பி நின்றது. அந்தக் குழியில் தோட்டா இருந்தது. இந்த நிலையில் சிலிண்டரைச் சுற்ற முடியாது, தோட்டாவை எடுக்கவும் முடியாது. ஹேமரைத் திரும்ப இறக்க வேண்டும் என்றால் ட்ரிகரை அழுத்தித்தான் ஆக வேண்டும். கட்டைவிரல் வழுக்கினால் வெடிக்கும்.

"அக்கா" என்றேன்.

அவர் பார்த்தார். குரல் காதுக்கு எட்டியும் எட்டாத அளவுக்கு இறங்கியது. "சரி. விரல் எங்க இருக்கு?"

"வெளியதான்."

"அது எங்க பாக்குது?"

"மணல."

"நல்லது. செத்த நேரம் அப்படியே இரு."

"நீங்க வாங்கிக்கறீங்களா அக்கா?"

"கை மாத்தக்கூடாது. எடுத்த கைதான் முடிக்கணும். நான் இங்கதான் நிக்கிறேன்."

அக்கா இழுப்பறையைத் திறந்து ஒரு தோல் துண்டை எடுத்தார். செருப்பு அடிப்பாகத்துக்கு வெட்டுகிற தடித்த தோல், இரண்டு விரல் அகலம். ஹேமருக்கும் துப்பாக்கியின் உடல்பகுதிக்கும் இடையே உள்ள இடைவெளியில் அதைப் பக்கவாட்டிலிருந்து நுழைத்தார். ஹேமர் நழுவினாலும் முள் தோலில் குத்தும், தோட்டாவைத் தொடாது. தோலைப் பிடித்த அவருடைய விரல்கள் என் விரல்களிலிருந்து ஓர் அங்குலத்தில் இருந்தன.

"உன் கட்டவெரல் ஈரமாருக்கு. எடுத்துத் தொடச்சுக்க."

எடுத்துத் துடைத்தேன். திரும்ப வைத்தேன்.

"ஹேமர் மொத்தமும் உன் வெரல்ல இருக்கா?"

"இருக்கு."

"இப்ப ட்ரிகர். தொட்டா போதும். ஹேமர் நகருதுன்னு தெரிஞ்சதும் வெளிய எடுத்துரு."

தொட்டேன். அதுவரை இரும்பாக இருந்த ஹேமர் ஒரே நொடியில் உயிர் வந்ததுபோல என் கட்டைவிரலைத் தள்ளியது. தாங்கினேன். விரலை ட்ரிகரிலிருந்து எடுத்தேன். ஹேமர் மெல்ல, மெல்ல இறங்கி, தோலின் மேல் அமர்ந்தது.

"இப்ப திரும்ப. மெதுவா. ரெண்டு சொடுக்கு."

ஒன்று. இரண்டு. நின்றது. சந்தனம் உதிர்ந்து பாதை விட்டிருந்தது. சின்னக் கதவைத் திறந்தேன். கம்பியைத் தள்ளினேன். ஒவ்வொன்றாக மேசைத் துணியில் விழுந்தன. ஐந்து விழுந்ததும் மூச்சு விட்டேன். ஆறாவது குழியைச் சுற்றிக் கொண்டுவந்தபோது அதிலும் ஒன்று இருந்தது.

அதன் பின்புறத்தில் துளியளவு குங்குமம் இருந்தது. மற்ற ஐந்தும் நிறம் மங்கியவை. இது மட்டும் டப்பாவிலிருந்து எடுத்ததுபோலப் பளபளத்தது. அப்படியென்றால் இவர்கள் வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து என் மேசை வரும்வரை ஹேமரின் முள் ஒரு தோட்டாவைத் தொட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

அக்கா கதவைத் திறந்து அவர்களை அழைத்தார். ஆறு தோட்டாவையும் வரிசையாக வைத்திருந்தேன். ஒப்படைத்தவர் கண் முன்னால் எண்ணிக் காட்டி எழுத வேண்டும் என்பது விதி.

"ஆறுங்க ஐயா."

"அஞ்சுங்க அம்மணி."

"எண்ணிப் பாருங்க."

பெரியவர் எண்ணினார். விரல் நடுங்கியதால் ஒவ்வொன்றின் மேலும் இரண்டு மூன்று முறை பட்டது. முடிந்ததும் முதலிலிருந்து எண்ணினார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"நான் ஆறு போட்டதே இல்லீங்க" என்றார். "சாவி வெச்ச எடம் மறந்துச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்டுனனா இல்லியான்னு மறந்துச்சு. வயசாயிருச்சுன்னு உட்டுட்டேன். இதுவுமா மறந்திருச்சு?" அவர் எங்களைக் கேட்கவில்லை, தன் கைகளைக் கேட்டார். "லைசென்ச திருப்பிக் குடுத்தர்றனுங்க. இனி இந்தக் கைல எதயும் குடுக்கக் கூடாது. புள்ளையக்கூட."

கோமதி சுவரோரம் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. காலியாக எதையும் சாமி முன்னால் வைக்க மாட்டோம். குடத்தில் தண்ணீர் நிறைப்போம், தட்டில் ஒரு பழமாவது போடுவோம். கடையில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறவள் நான்தான். காலி இழுப்பறைக்குள் நானும் ஒரு பிடி அரிசி வைத்திருக்கிறேன்.

எதுவும் சொல்லாமல் இருந்துவிட அவளால் முடிந்திருக்கும். யாரும் அவளைக் கேட்கவில்லை. பெரியவர் நம்பிவிட்டார். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தால் விஷயம் அதோடு முடிந்துபோகும். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இறக்கிவிட்டு, திரும்பத் தூக்கினாள்.

"நாந்தானுங்க மாமா வெச்சேன்."

பெரியவர் நிமிர்ந்தார்.

"தொடச்சுப் போட்டுப் பலகைல வெச்சுட்டுக் குளிக்கப் போனீங்கல்லொ. அதோட சின்னக் கதவு தொறந்திருந்துச்சு. ஒரு குழி மட்டும் காலியா இருந்துச்சுங்க. காலியா வெச்சுக் கும்புடக் கூடாதுன்னு டப்பால இருந்து ஒண்ண எடுத்து வெச்சேன். பூசை முடிஞ்சு எடுத்தர்லாம்னு இருந்தேன். நீங்க வந்து மூடி வெச்சுட்டீங்க. அப்புறம் சொல்லப் பயமா இருந்துச்சு. அப்புறம் மறந்தே போச்சு." மகளை இறுக்கிக்கொண்டாள். "பஸ்ஸுல இவள மடில வெச்சுட்டு வந்தனுங்க மாமா. பை எனக்கும் இவளுக்கும் நடுவால..."



பெரியவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து அவளிடம் வந்தார். "அப்ப நான் மறக்கலியா?" என்றார்.

"இல்லீங்க மாமா."

அவர் கண் நிறைந்துவிட்டது. பேத்தியைக் கொடுக்கும்படி கையை நீட்டினார். கோமதி கொடுத்தாள். நடுங்குகிற கைகளுக்குள் குழந்தை உட்கார்ந்ததும் நடுக்கம் குறைந்ததுபோல இருந்தது.

"ஏனம்மணி, என்னய ஒரு வார்த்த கேட்டிருந்தா அந்தக் குழில ஒரு பூவ வெக்கச் சொல்லியிருப்பனே. தோட்டம் பூராப் பூத்தானே கெடக்குது" என்றார்.

அவர்கள் கையெழுத்துப் போட்டுப் போன பிறகு நான் மேசையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். கோமதிக்கு அவ்வளவு பெரிய ஆபத்தை ஒப்புக்கொள்ளத் தைரியம் வந்தது. எனக்கு என்ன கேடு?

"அக்கா, நான் ரெண்டுன்னு சொன்னேன்."

"ஆமா."

"ரெண்டு இல்லக்கா. மூணு."

அக்கா என்னைப் பார்த்தார். என் துப்பட்டாவைப் பார்த்தார்.

"எத்தன மாசம்?"

"அஞ்சு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு" என்றார். அந்தச் சொல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு தணிந்திருந்தது. அப்போதுதான் பயந்தேன்.

"நான் உன்கிட்ட வேற என்ன கேட்டேன் புள்ள? ஒரே ஒரு நம்பர். நீ மூணுன்னு சொல்லியிருந்தா உன்ன வெளிய அனுப்பிட்டு அத நான் எடுத்திருப்பேன். அம்புட்டுதான. ஏன் சொல்லல?"

"போன தடவ எல்லார்கிட்டயும் சொல்லி..."

முடிக்கவில்லை. அக்கா என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.  தோல் துண்டைப் பிடித்த அதே கை.

மறுநாளிலிருந்து முன்னறையில் உட்கார்ந்தேன். யாருக்கும் காரணம் சொல்லப்படவில்லை, தேன்மிட்டாயும் கொடுக்கப்படவில்லை. பாப்பா குறைப் பிரசவம் இல்லாமல், நிறைமாதத்தில், நல்லபடியாகப் பிறந்தாள். அக்கா மேசைக்குத் திரும்ப வரச் சொன்னார். நான் போகவில்லை. கைக்கு வேலை மறந்துவிடவில்லை. ஆனால் மேசையில் உட்கார்ந்தால் மனம் நாகல் நகர் வீட்டில் தொட்டில் பக்கம் நிற்கும் என்று தெரிந்தது. பாதி மனதோடு அந்த மேசையில் உட்காரக் கூடாது. இது பொறுப்பா கோழைத்தனமா என்று சில நாள் ஒரு மாதிரியும் சில நாள் வேறு மாதிரியும் தோன்றுகிறது.

பிரியா, ஹேமர் இறுகியிருந்தால் இழுக்காதே, ஊற விடு. கொண்டு வருபவர் ஐந்து என்றால் ஆறு என்று வைத்துக்கொள். அவர் பொய் சொல்வதில்லை, அவருக்குத் தெரியாமல் அவர் வீட்டில் யாரோ அன்பினால் ஒன்று செய்திருப்பார்கள். அக்கா கேட்கிற கேள்விக்கு உண்மையான எண்ணைச் சொல். தலைவலி, காய்ச்சல், வீட்டில் சண்டை, எதுவாக இருந்தாலும் அதையும் சேர்த்துச் சொல். அதற்காக அவர் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டார்.

இவ்வளவும் எழுதியபின் இதை முதலில் படிக்க வேண்டியவர் பிரியா இல்லை என்று தோன்றியது. என் கணவர் ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பில் இருக்கிறார். சாயங்காலம் வந்ததும் காபியோடு இந்தத் தாள்களைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். காபி ஆறிப்போனது. கடைசித் தாள் முடிந்ததும் முதல் தாளை எடுத்து மேலே வைத்து ஒழுங்காக அடுக்கினார். அவர் கோபப்படப் போகிறார் என்று பாப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு பஸ்ல நின்னுக்கிட்டேவா வந்த?" என்றார்.

"இல்லங்க. அக்கா ஆட்டோ வச்சுக் கூட்டியாந்தாங்க. வாசல் வரைக்கும்."

"வாசல் வரைக்குமா? உள்ள வரலியா?"

"கூப்பிட்டேன். உன் வீட்டுக்காரர்கிட்ட இத மறச்சு வச்சுக்கிட்டு நான் எப்படி அவர் மொகத்தப் பாத்துக் காபி குடிக்கிறதுன்னு கேட்டாங்க. நீ சொன்னப்புறம் வாரேன்னாங்க."

"அதான் பாப்பாவப் பாக்கக்கூட வரலியா? நம்ம மேல ஏதோ வருத்தம்னு நெனச்சேன்."

"ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. நீங்க டூட்டில இருக்கிற நேரம் பாத்து."

அவர் ஆறிப்போன காபியை ஜன்னலோரம் வைத்தார். பிறகு பாப்பாவை என் மடியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"போன் போடு. ஞாயித்துக்கிழம சாப்பிட வரச் சொல்லு. கோயிலுக்குப் போயிட்டு எத்தன மணிக்கு வருவாங்கன்னு கேட்டுக்க. நான் மட்டன் எடுத்தாறேன்."

போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் டீ மாஸ்டரை யாரோ திட்டுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, மிகவும் தணிந்த குரலில், "எப்ப வரட்டும்?" என்றார்.